ரஹீம் கான்-இ-கானான் கல்லறை மாளிகை, டெல்லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லி நிஜாமுத்தீன் கிழக்கில், மதுரா சாலையை ஒட்டி நிற்கும் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் கல்லறையைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஹுமாயூன் கல்லறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் காரிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு முகலாயக் கல்லறை எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் டெல்லியில் இல்லை. மேலுறையாக இருந்த கல் பெயர்க்கப்பட்டுவிட்டதால் உள்கட்டு வெளியே தெரிகிறது.

இது ரஹீம் தனக்காகக் கட்டிக்கொண்டதா?

இல்லை, மனைவி மாஹ் பானுவுக்காக. அவர் 1598-இல் இறந்ததும் கட்டியது. முகலாயர் காலத்தில் ஒரு பெண்மணிக்காக எழுப்பப்பட்ட முதல் பெரிய கல்லறை இதுவே என்பார்கள். தாஜ்மகால் வேலை தொடங்கியது 1632-இல். ரஹீம் 1627-இல் இறந்து இங்கேயே அடக்கமானார். மனைவியின் பெயர் மறைந்து கணவர் பெயரே கட்டடத்துக்கு நிலைத்துவிட்டது.

யார் இந்த ரஹீம்?

அக்பரின் பாதுகாவலராக இருந்து ஆட்சியை நடத்திய பைராம் கானின் மகன். 1556-இல் லாகூரில் பிறந்தார். 1561-இல் மெக்காவுக்குப் போகும் வழியில், குஜராத்தின் பாட்டனில் தந்தை கொல்லப்பட்டபோது பிள்ளைக்கு வயது நான்கு. அக்பரின் அரண்மனையில் வளர்ந்தார். 1584-இல் குஜராத்தில் முசாஃபர் ஷாவைத் தோற்கடித்ததற்காகக் கான்-இ-கானான் என்ற பட்டம் கிடைத்தது. படைத்தலைவர்களில் முதல்வருக்குத் தரும் பட்டம் அது. சிந்து, தக்காணம் என்று வாழ்நாளில் பாதி போர்க்களத்தில் கழிந்தது. சகதாய் துருக்கிய மொழியில் இருந்த பாபரின் நினைவுக்குறிப்புகளைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்து 1589-இல் அக்பரிடம் கொடுத்தவரும் இவர்தான். வட இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டங்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஈரடிப் பாக்களான தோஹாக்களை எழுதிய ரஹீம் என்றால் போதும்.

மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில் 1615-இல் இவர் ஏற்படுத்திய நிலத்தடி நீர்வழி இன்றும் இருக்கிறது. கட்டடம், நீர் இரண்டிலும் விவரம் தெரிந்த ஆள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கல்லறையைப் பாருங்கள்.

ஆக்ராவையோ லாகூரையோ விட்டு ஏன் இந்த இடம்?

1325-இல் மறைந்த சூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்கா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஞானியின் அருகில் புதைக்கப்படுவதை அன்று பெரும் பேறாகக் கருதினார்கள். ஹுமாயூன் கல்லறையும் பக்கத்தில். மாஹ் பானுவின் தந்தை அத்கா கான் 1562-இல் கொலையுண்டு, தர்காவை ஒட்டிய சிறிய, மிக நேர்த்தியான கல்லறையில் இருக்கிறார். மாஹ் பானுவின் சகோதரர் மிர்சா அஜீஸ் கோகாவின் கல்லறைதான் அறுபத்து நான்கு பளிங்குத் தூண்கள் கொண்ட சௌசட் கம்பா. பிறந்த வீட்டு மனிதர்கள் சூழ்ந்த இடத்தில்தான் அந்த அம்மாளை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணம் யமுனை. இன்று ஆறு கிழக்கே விலகிப் போய்விட்டது. கட்டிய காலத்தில் இது ஆற்றங்கரைக் கட்டடம். படகில் வருகிறவர் கண்ணில் படுமாறு உயரமான மேடைமேல் எழுப்பியிருக்கிறார்கள்.

கட்டட அமைப்பைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கீழிருந்து மேலே போவோம். முதலில் சதுரமான உயர்ந்த மேடை. அதன் நாலு பக்கமும் வரிசையாக வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஓர் அறை. மேடைமேல் இரண்டு அடுக்குகள் கொண்ட சதுரக் கட்டடம். ஒவ்வொரு முகப்பின் நடுவிலும் இரண்டு அடுக்கு உயரத்துக்கு ஆழமான பெரிய வளைவு, பிஷ்தாக். அதன் இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிய, ஆழம் குறைந்த வளைவுகள். கூரையின் நாலு மூலைகளில் சத்ரிகள் எனப்படும் எண்கோணக் குடைமண்டபங்கள், பக்கங்களின் நடுவில் தாலான்கள் எனப்படும் திறந்த மண்டபங்கள், மையத்தில் குவிமாடம்.

தரைத் திட்டம் ஹஷ்த் பிஹிஷ்த் எனப்படும் எட்டுச் சுவர்க்க முறை: நடுக்கூடம் ஒன்று, சுற்றிலும் எட்டு இடங்கள். ஹுமாயூன் கல்லறையிலும் இதே திட்டம்தான், ஆனால் அங்கே மூலைகளைச் சரித்து வெட்டி, ஒவ்வொரு மூலைப் பகுதியும் தனிக் கட்டடம்போல் தெரியும்படி செய்திருப்பார்கள். இங்கே மூலைகள் நேர்செங்குத்து. செலவும் குறைவு, பார்வைக்கும் இறுக்கம்.

குவிமாடம் இரட்டை ஓடு கொண்டது. கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது உள் ஓடு, சாலையிலிருந்து தெரிவது வெளி ஓடு, இடையில் வெற்றிடம். ஒரே ஓடாக இருந்தால், வெளியே கம்பீரமாகத் தெரியும் உயரம் உள்ளே ஆழ்கிணறு மாதிரி ஆகிவிடும். உள்ளே அடக்கமான உயரம், வெளியே எடுப்பான உயரம் என்று இரண்டையும் இரட்டை ஓடு தனித்தனியாகச் சரிசெய்துகொடுக்கிறது.

கல்லை யார் பெயர்த்தார்கள்?

1753-54 வாக்கில் இங்கிருந்த சிவப்பு மணற்கல்லும் பளிங்கும் பெயர்க்கப்பட்டு, அவதின் நவாபும் முகலாய வஜீருமான (தலைமை அமைச்சர்) சஃப்தர்ஜங்கின் கல்லறைக்குக் கொண்டுபோகப்பட்டன. ஒரு முகலாயப் பிரபுவின் கல்லறைக்கு இன்னொரு முகலாயப் பிரபுவின் கல்லறை கல்குவாரியானது. நாதிர் ஷா 1739-இல் டெல்லியைக் கொள்ளையடித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். கருவூலம் காலி. ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து புதிதாகப் பளிங்கு வெட்டி வண்டியேற்றிக் கொண்டுவருவதைவிட, நகருக்குள்ளேயே செதுக்கித் தயாராக இருக்கும் பலகைக்கல்லைக் கழற்றுவது எளிது. இதைக் காழ்ப்பு என்று சொல்லிவிட ஆதாரமில்லை. பணமுடை என்றால் பொருந்துகிறது.

கழற்றக்கூடிய அளவுக்கா கல்லைப் பொருத்தியிருந்தார்கள்?

ஆமாம். பலரும் வியப்பது இந்த இடத்தில்தான். முகலாயக் கல்லறையின் சுவர் முழுவதும் மணற்கல்லோ பளிங்கோ அல்ல. உள்ளே இருப்பது டெல்லி மலைத்தொடரில் கிடைக்கும் குவார்ட்சைட் சிறுகல். அதைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக் கனமான சுவராக எழுப்புவார்கள். பாரத்தைத் தாங்குவது அதுதான். அதன் முகத்தில் மணற்கல் அல்லது பளிங்குப் பலகைகளைப் பதிப்பார்கள். சில கற்கள் நீளவாக்கில் படுத்திருக்கும். இடையிடையே சில கற்களின் வால் சுவருக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ளும். அவசியமான இடங்களில் கல்லுக்கும் கல்லுக்கும் இரும்புப் பட்டையோ முளையோ போட்டு இணைப்பார்கள்.

ஆகவே பலகைகளைக் கழற்றினால் சுவர் உடனே விழாது. உள்ளே நுழைந்திருந்த வால்கற்களை இழுத்த இடங்களில் பொந்து விழும். அண்மைப் பாதுகாப்புப் பணிக்கு முந்தைய இந்தக் கல்லறையின் புகைப்படங்கள் கிடைத்தால் பாருங்கள்: முகப்பு முழுக்க அடுக்குக் கல்லும் குழிகளுமாக, அம்மைத் தழும்பு ஏறிய முகம்போல இருக்கும்.

அப்படியென்றால் மேலுறை வெறும் அலங்காரம்தானே? போனால் என்ன?

அழகு போனது ஒரு பங்கு நட்டம்தான். அந்தப் பலகைகள் கட்டடத்தின் மழைக்கோட்டும்கூட. அவை போனபின் மழைநீர் நேராகக் காரையில் இறங்குகிறது. சுண்ணாம்பு மெல்லக் கரைந்து வெளியேற, சிறுகற்களுக்கு நடுவே வெற்றிடம் உண்டாகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஒரு வளைவின் முகம் பாளமாக வந்துவிடும்.

அடுத்தது அரசமரம். பறவை எச்சத்தில் வரும் விதைக்கு ஈரமான காரை இடுக்கு போதும். செடியைத் தலையில் வெட்டிவிட்டுப் போவது எல்லோரும் செய்யும் தவறு. வெட்டிய இடத்தில் நாலு கிளை வரும், உள்ளே வேர் பருத்துக் கல்லைத் தள்ளும். வேரைக் கொன்று, அது பிடித்திருந்த கல்லைக் கழற்றி, வேரை முழுக்க எடுத்து, வெற்றிடத்தைச் சுண்ணாம்புக் கரைசலால் நிரப்பி, கல்லைத் திரும்ப வைக்க வேண்டும். பெரிய வேராக இருந்தால் முதலில் கட்டடத்துக்கு முட்டுக்கொடுத்த பிறகே கைவைக்கலாம்.

குவிமாடத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதன் அடிவட்டம் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டேயிருக்கும். அந்த உதைப்பைத் தாங்க வேண்டிய சுவர் நனைந்து இளகினால் செங்குத்தாக விரிசல் ஓடும். பழுதுபார்க்கும் முன் இங்கே பெரிய விரிசல்கள் இருந்தன. மேடை அறைகளிலும் சேதம் இருந்தது.

இரும்பு முளைகள் பிரச்சினை தருமா?

தரும். இரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும். கல்லுக்குள் இறுக்கிவைத்த முளைக்குப் பருக்க இடமில்லாததால் கல்லின் ஓரம் தெறித்துவிடும். மணற்கல் பலகையின் மூலையில் பிறைவடிவச் சில்லு பெயர்ந்திருந்தால் உள்ளே துருப்பிடித்த இரும்பு இருக்கிறதென்று எடுத்துக்கொள்ளலாம். புதிதாகப் போடுவதானால் துருப்பிடிக்காத எஃகு அல்லது செம்பு.

மணற்கல்லில் இன்னொரு தொல்லை உண்டு. அது ஏடு ஏடாகப் படிந்து உருவான கல். ஏடுகள் சுவர் முகத்துக்கு இணையாக நிற்கும்படி பலகையை நிறுத்தினால், உப்பும் ஈரமும் ஏறும்போது வெங்காயத் தோல்போல உரிந்துவரும். அறுத்த பலகை பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே தட்டிப் பார்த்து, மணியோசை வராத கல்லை ஒதுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பாதுகாப்புப் பணியை யார் செய்தார்கள்?

இந்தியத் தொல்லியல் துறையோடு சேர்ந்து ஆகா கான் கலாச்சார அறக்கட்டளை. செலவை இன்டர்குளோப் அறக்கட்டளை ஏற்றது. 2014-இல் தொடங்கி 2020 டிசம்பரில் முடிந்தது. கைவினைஞர்களின் உழைப்பு 1,75,000 ஆள்-நாள்கள். நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு தேசிய நினைவுச்சின்னத்தை இந்த அளவில் பழுதுபார்த்தது இந்தியாவில் இதுவே முதல்முறை.

சிமென்ட் பூசினால் சீக்கிரம் முடிந்திருக்குமே?

இருபதாம் நூற்றாண்டில் பல நினைவுச்சின்னங்களில் அதைத்தான் செய்தார்கள். அதைச் சுரண்டி எடுப்பதே இன்று பாதி வேலை. ஹுமாயூன் கல்லறையின் கூரையிலிருந்து மட்டும் 10 லட்சம் கிலோவுக்கு மேல் கான்கிரீட்டைக் கையால் உடைத்து இறக்கினார்கள். ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் பழையதன்மேல் இன்னொரு படலம் போட்டதன் விளைவு அது.

சிமென்ட் ஒட்டாது என்பதல்ல சிக்கல், அளவுக்கு மீறி இறுகிவிடும் என்பதுதான். பழைய சுவர் மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் தேங்கி, உப்பைக் கரைத்து, பக்கத்திலுள்ள மென்மையான கல் வழியாக வெளியேறும். அங்கே உப்பு படிகமாகிக் கல்லையே பொடியாக்கும். பூச்சு கெட்டியாக நிற்கும், பொடிவது நானூறு வருடத்துக் கல். பழுதுபார்க்கும் பொருள் பழைய பொருளைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. கெடுவதாக இருந்தால் பூச்சு கெடட்டும், மறுபடி பூசிக்கொள்ளலாம்.

சுண்ணாம்புக் காரை எப்படித் தயாராகிறது?

சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்ற வேண்டும். கொதித்து அடங்கியதும் மெல்லிய சல்லடையில் வடித்து, தண்ணீருக்கு அடியிலேயே ஊறவைப்பார்கள். குறைந்தது ஒரு மாதம். மேற்பூச்சுக்கானது இன்னும் கூடுதல் நாள். அவசரப்பட்டால் நீறாத துகள்கள் உள்ளே தங்கி, பூசிய பிறகு சுவரில் நீறும். அப்போது பூச்சு அம்மைக் கொப்புளம் மாதிரி வெடித்து வட்ட வட்டமாகப் பெயரும்.

கட்டுமானக் காரைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, ஒன்று அல்லது இரண்டு பங்கு மணல் என்பது பொதுவான அளவு. சுர்க்கி என்பது நன்றாகச் சுட்ட செங்கல்லின் பொடி. அது சேர்ந்தால்தான் காற்றுப் புகாத சுவர் ஆழத்திலும் காரை இறுகும். எல்லாவற்றையும் கல்செக்கில் அரைப்பார்கள். வெல்லம், வில்வப்பழக் கூழ், உளுந்து, முட்டை வெள்ளைக்கரு போன்றவை இடத்துக்கேற்பச் சேரும். நம்மூர்க் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதும் இதே நோக்கத்தில்தான்: காரை குழைவாக வரும், சுருக்கம் குறையும்.

பூசும்போது ஒரு பூச்சின் கனம் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சுவரை முதலில் நன்றாக நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் காரையின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பூச்சைப் பொடியாக்கிவிடும். காரை சற்று இழுத்ததும் மரத்தட்டியால் அடிக்க வேண்டும். முதல் சுருக்க விரிசல்கள் அதில் மூடும். பிறகு இரண்டு மூன்று வாரம் சாக்கை நனைத்துப் போட்டு ஈரம் காக்க வேண்டும். டெல்லியில் மே, ஜூன் மாத அனல்காற்றில் மேற்பூச்சு வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி. அதற்கு ஈரமும் வேண்டும், காலமும் வேண்டும்.

குவிமாடத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் பளிங்கு இருக்கிறதே, பணம் தீர்ந்துவிட்டதா?

இல்லை, அது யோசித்து எடுத்த முடிவு. ஒரு காலத்தில் குவிமாடம் முழுவதும் வெள்ளைப் பளிங்கு போர்த்தியிருந்தது என்பதைக் காட்ட ஒரு பகுதியை மட்டும் மீட்டிருக்கிறார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டுருவாக்கம் நின்றுவிட வேண்டும் என்று 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் சொல்கிறது. பழைய கல்லின் மிச்சமோ தடமோ இருக்கும் இடத்தில் புதுக்கல் வைக்கலாம். இல்லாத இடத்தில் கற்பனையில் செதுக்கினால் அது நம் காலத்து மாளிகையாகிவிடும். தவிர, கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனதும் இந்தக் கட்டடத்தின் வரலாறுதான். முழுக்கப் போர்த்தினால் அது மறைந்துபோகும். இது அரைகுறையாகத் தெரிகிறது என்று குறைபடுபவர்கள் உண்டு. எங்கள் பார்வையில் இந்த வளாகத்தில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இதுதான்.

முகப்பில் ஸ்வஸ்திகமும் மயிலும் எப்படி வந்தன?

செதுக்கியவர்கள் இந்த ஊர்க் கல்தச்சர்கள். செய்யச் சொன்னவர் சமஸ்கிருதமும் பிரஜ் மொழியும் அறிந்து, கிருஷ்ணனைப் பாடியவர். முகப்பு வளைவுகளின் தோள்பகுதியை நின்று பாருங்கள், மணற்கல்லில் இந்த வடிவங்கள் தெரியும். அறுமுனை நட்சத்திரமும் உண்டு. அது ஹுமாயூன் கல்லறையிலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ரகசிய அர்த்தம் தேட வேண்டியதில்லை.

உள்ளே பார்க்க என்ன இருக்கிறது?

கூரைதான். வளைவுக் கூரைகளில் ஈரப் பூச்சைக் கீறி உருவாக்கிய வட்டப் பதக்கங்களும் கொடிகளும் கட்டங்களும் இருக்கின்றன. அடிப்பூச்சின்மேல் வேறு நிறத்தில் மெல்லிய பூச்சைப் பூசி, அது இறுகுவதற்குள் கோலம் வரைந்து, வேண்டாத இடத்தைச் சீவி எடுத்தால் அடிநிறம் தெரியும். திருத்தமே செய்ய முடியாத வேலை. பக்க அறைகளை அவசரமாகக் கடக்காதீர்கள். கோலத்துக்குக் கோலம் மாறுவது அங்கேதான் தெரியும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கீறலின் ஆழம் எடுப்பாகத் தெரியும்.

உடல் அடக்கமான இடம் மேல்கூடத்திலா?

மேல்கூடம் நினைவுக்கான இடம். உண்மையான புதைகுழி மேடைக்குள், கூடத்தின் நேர் கீழே. முகலாயப் பெரிய கல்லறைகள் எல்லாவற்றிலும் இதே வழக்கம். உடல் வடக்கு நோக்கித் தலை வைத்து, முகம் மேற்கே திரும்பியிருக்கும்.

தாஜ்மகாலுக்கு முன்மாதிரி இதுதானா?

பாதி உண்மை. சுமார் 1570-இல் முடிந்த ஹுமாயூன் கல்லறைக்கும் தாஜ்மகாலுக்கும் நடுவே நிற்கும் படி இது. ஆற்றங்கரை, மேடை, இரட்டை ஓடு, மனைவிக்கான நினைவு எல்லாம் ஒத்துப்போகின்றன. ஆனால் தாஜின் மூலைகள் சரிவாக வெட்டப்பட்டவை. அந்த விஷயத்தில் அது ஹுமாயூனைத்தான் பின்பற்றுகிறது. சதுர மூலை வடிவம் போய்ச் சேர்ந்தது சஃப்தர்ஜங்கின் கல்லறைக்கு. அதாவது, அங்கே போனது இங்கிருந்த கல் மட்டுமல்ல.

போவது எப்படி? சஃப்தர்ஜங் கல்லறையையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

மெட்ரோவில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் அல்லது ஹஸ்ரத் நிஜாமுத்தீன் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஹுமாயூன் கல்லறைச் சீட்டு இங்கே செல்லாது, தனிச்சீட்டு எடுக்க வேண்டும். சூரிய உதயம் முதல் மறைவு வரை திறந்திருக்கும். தெற்குப் பக்கம் ஓடும் வாய்க்காலைக் கடக்கும் பாராபுலா பாலம் ஜஹாங்கீர் காலத்தது. அதையும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.

சஃப்தர்ஜங் கல்லறை மஞ்சள் வழித்தடத்தின் ஜோர் பாக் நிலையத்தருகே இருக்கிறது. காலையில் ரஹீம், மாலையில் சஃப்தர்ஜங் என்ற வரிசையில் போங்கள், தலைகீழாக வேண்டாம். வெறும் உள்கட்டைப் பார்த்த கண்ணோடு போனால், அங்கே சுவரில் சிவப்புக் கல்லோடு வெளிறிய மஞ்சள் கல்லும் கலந்து வருவதைக் கவனிப்பீர்கள். நல்ல கல்லுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்துக் கட்டடம் அது. அகன்ற தோட்டம், வாசல் மாளிகையின் வண்ணச் சுதைவேலை, மூலைகளில் ஒட்டிநிற்கும் கோபுரங்கள் என்று பார்க்க நிறைய உண்டு. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.